அவுஃப், ஊபர்

மன்னார்குடியில் உரக்கடை மாடியில்
பதினோரு நர்ஸுகள் உட்கார்ந்து
ஜெர்மனில் சந்தோஷப்படப் பழகுகிறோம்.
பேச்சுத் தேர்வில் அதற்கு மதிப்பெண் உண்டு.

என்ன பிடிக்கும் என்று கேட்டால்
எல்லாம் பிடிக்கும் என்று முடித்துவிடக் கூடாதாம்.
குரல் ஏற வேண்டும், கண் விரிய வேண்டும்,
காரணமெல்லாம் அப்புறம்.

எனக்குக் குரல் ஏறாது.
எட்டு வருஷம் இரவுப் பணி,
தூங்கும் வார்டில் தணிந்தே கிடந்த குரல்.
வீட்டிலும் அப்படித்தான்.
விரால் குழம்பு வைத்த அன்று
சட்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு
அப்பா சொல்வார்:
"உப்பு சரியா இருக்கு."
அதற்கு மேல் ஒரு பாராட்டு
எங்கள் தெருவில் புழங்கியதில்லை.

கெர்ன் என்றொரு குட்டிச் சொல் இருக்கிறது.
வினைக்குப் பின்னால் ஒட்டினால் போதும்,
எதைச் செய்தாலும் ஆசையாய்ச் செய்ததாகிவிடும்.
நான் தூங்குகிறேன் கெர்ன்.
நான் ஜன்னலோரம் உட்காருகிறேன் கெர்ன்.
"நான் ஊசி போடுகிறேன் கெர்ன்" என்றாள்
என் ஜோடி, கூத்தாநல்லூர் பர்கத் நிஷா.
அன்றைக்குப் பாடம் அதோடு சரி.

கெஃபெல்ட் மியர் சுலபமாக வந்தது.
எனக்குப் பிடிக்கும் என்பதே அது.
அவர்களுக்கும் பிடித்த பொருள்தான் எழுவாய்,
நாம் வெறும் நான்காம் வேற்றுமை.
அது வந்து பிடிக்கும்,
நாம் பிடிபடுவோம்.

சிக்கல் மகிழ்ச்சியில் வந்தது.
வரப்போவதற்கு மகிழ்ந்தால் அவுஃப்.
வந்துவிட்டதற்கு மகிழ்ந்தால் ஊபர்.
உதட்டை ஊ என்று குவித்து
உள்ளே ஈ சொல்ல வேண்டும்.
நான் சொன்னால் வாடகைக் கார்தான் வருகிறது.
இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லி
மாதிரித் தேர்வில் ஆறு மதிப்பெண் போனது.

ஜூன் பன்னிரண்டு மேட்டூர் திறந்தார்கள்.
டிவியில் பூத் தூவினார்கள்.
எங்கள் ஊர் கடைமடை.
கல்லணை தாண்டி, வெண்ணாற்றில் இறங்கி,
மூணாறு தலைப்பில் பங்கு பிரிந்து
மிச்சம் இருந்தால் எங்களுக்கு.
அப்பா நேரடி விதைப்பு விதைத்துவிட்டு
சாயங்காலம் தோறும் ஷட்டர் வரை போய்
ஒன்றும் சொல்லாமல் திரும்புவார்.
பஸ்ஸில் போகையில் நானும் வாய்க்காலைப் பார்ப்பேன்.
ஒரு நாள் அதில் கிரிக்கெட் ஆடினார்கள்.
ஒரு நாள் ஆடு மேய்ந்தது.
அவுஃப், அவுஃப் என்று
மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்,
பதினாறு நாள்.

அடுத்த ஜூனில் நான் இருக்கப்போகும் ஊரில்
தண்ணீர் வந்ததா என்று
யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள்.
குழாய், மழை, ஆறு எல்லாம் அதுபாட்டுக்கு.
விசா வந்தால் ஊபர் சொல்லலாம்.
இங்கே வருகிற தண்ணீருக்கு
அங்கிருந்து எதைச் சொல்வது?
புத்தகத்தில் அந்தப் பயிற்சி இல்லை.

விடிகாலை நாலேகால்.
மருந்து அட்டவணை எழுதிக்கொண்டிருந்தேன்.
அப்பாவிடமிருந்து போன்.
அவர் கூப்பிட்டால்
யாரோ செத்திருக்க வேண்டும்.
"வந்துடுச்சு" என்றார்.
"எது?"
"முட்டிக்குக்கூட இல்ல. செருப்பு, சருகு, பாட்டில்,
எல்லாத்தையும் தள்ளிக்கிட்டு வருது புள்ள!
வெடிப்பு வெடிப்பா குடிக்குது!
சத்தம் கேக்குதா, கேளு, கேளு..."
போனை வாய்க்காலுக்கு நீட்டியிருப்பார்.
நாய்கள் குரைத்தன.
யாரோ விசிலடித்தார்கள்.
அப்பாவுக்கு அப்படி ஒரு குரல் உண்டென்று
முப்பத்தொரு வயதில் தெரிந்துகொண்டேன்.

வைத்துவிட்டு, வெறும் வார்டில்
உதட்டைக் குவித்தேன்.
ஊபர்.
கார் வரவில்லை. சரியாகவே வந்தது.
இன்னொரு முறை சொன்னேன்.

ஏழாம் படுக்கைக்காரர் புரண்டு
"யாரும்மா வந்திருக்கா?" என்றார்.
"தண்ணி" என்றேன்,
கொஞ்சம் சத்தமாக.